நாற்பதுக்குப் பின் டெல்லிக்கு ஒரு விண்ணப்பம்

இந்த நூலின் முந்தைய அத்தியாயங்கள் இருபதுகளில் இருப்பவர்களுக்கானவை. முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, கோச்சிங் சென்டர், விடியற்காலை எழுந்து செய்தித்தாளில் அடிக்கோடிடுவது எல்லாம் அங்கே முடிந்துவிட்டன. இந்த அத்தியாயத்தைப் படிப்பவருக்குத் தலையில் நரை வந்திருக்கும். மின்வாரியத்தில் மேற்பார்வைப் பொறியாளராக இருப்பார், அல்லது பொதுத்துறை வங்கியில் துணைப் பொது மேலாளராக. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் இருபது ஆண்டு வேலை பார்த்தவராக இருக்கலாம். முப்பந்தலில் காற்றாலை நிறுவும் தனியார் கம்பெனியின் தென்மண்டலப் பொறுப்பை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். இவர்களில் பலருக்கும் ஒரு பொதுவான எண்ணம் உண்டு: கலெக்டர் பரீட்சை எழுதும் வயதில் எழுதவில்லை, இனி டெல்லியில் நமக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். குலசேகரத்தில் பிறந்த மாதவன் நாயர் 2003 முதல் 2009 வரை இஸ்ரோ தலைவராக இருந்தார். நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையின் சிவன் 2018 முதல் 2022 வரை அதே நாற்காலியில் இருந்தார். 2025 ஜனவரியில் மேலக்காட்டுவிளை நாராயணன் வந்தார். இஸ்ரோ தலைவர் என்பவர் விண்வெளித் துறையின் செயலாளரும்கூட. ஐஏஎஸ் அதிகாரி முப்பது ஆண்டுக்கு மேல் ஏறி எட்டும் படி அது. இந்த மூவரும் அங்கே போனது ஐஏஎஸ் வழியாக அல்ல. நாராயணன் டிப்ளமோ முடித்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர். எம்டெக்கும் முனைவர் பட்டமும் அதன்பின் வந்தவை.

இஸ்ரோ தலைவர் பதவிக்கு யாரும் விண்ணப்பம் போட முடியாது, அது வேறு விஷயம். ஆனால் விண்ணப்பம் போட்டே போகக்கூடிய உயர்பதவிகள் பல இருக்கின்றன. அவற்றில் முக்கியமான இரண்டு வாசல்களை விரிவாகவும் மற்றவற்றை ஓரிரு வரியிலும் பார்ப்போம்.

செய்தித்தாளில் அடிபட்ட வாசல்

லேட்டரல் என்ட்ரி என்று எல்லோரும் சொல்வது, மத்திய அமைச்சகங்களில் இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் பதவிகளுக்கு வெளியிலிருந்து ஆளெடுப்பது. 2018 ஜூனில் முதல் விளம்பரம் வந்தது. 10 இணைச் செயலாளர் இடங்களுக்கு 6,077 பேர் எழுதிப் போட்டார்கள். நிதி, வேளாண்மை, கப்பல், விமானப் போக்குவரத்து, சாலை, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று துறை குறித்த இடங்கள் அவை. 2019 ஏப்ரலில் யுபிஎஸ்சி 9 பேரைத் தேர்வு செய்தது. 2021-ல் இயக்குநர், துணைச் செயலாளர் இடங்களும் சேர்ந்தன. அந்த முறை விண்ணப்பித்தவர்கள் 2,031 பேர், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 231 பேர், எடுக்கப்பட்டவர்கள் 31 பேர். இந்த மூன்று எண்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் காகிதத்திலேயே கழிந்துபோனார்கள். நேர்முக அறைக்குள் போனவர்களுக்கோ ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு இடம். அதாவது தேர்வின் பெரும்பகுதி விண்ணப்பத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நம் ஆட்கள் நேர்முகத்துக்கு கோட்டு தைக்கக் காட்டும் அக்கறையில் பாதியை விண்ணப்பத்துக்குக் காட்டுவதில்லை.

2024 ஆகஸ்ட் 17 அன்று 45 இடங்களுக்கு ஒரு விளம்பரம் வந்தது. இட ஒதுக்கீடு இல்லை என்று எதிர்க்கட்சிகளும் கூட்டணிக் கட்சிகள் சிலவும் எதிர்த்ததால் ஆகஸ்ட் 20-ஆம் தேதியே அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. ஆகவே அடுத்த விளம்பரம் எப்போது வந்தாலும் பழைய விதி அப்படியே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதாதீர்கள். முந்தைய விளம்பரங்களில் ஒவ்வொரு இடமும் தனி ஒற்றைப் பதவி, ஒப்பந்த நியமனம், எனவே ஒதுக்கீடு பொருந்தாது என்ற வாதம் இருந்தது. வாபஸ் பெறச் சொன்ன கடிதத்திலேயே சமூக நீதி என்ற சொல் வந்துவிட்ட பிறகு, சாதிச் சான்றிதழை எடுத்துக் கையில் வைத்திருப்பதே புத்தி.

அந்த விளம்பரம் கேட்ட தகுதிகளை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இணைச் செயலாளருக்கு வயது 40 முதல் 55, அனுபவம் 15 ஆண்டு. இயக்குநருக்கு 35 முதல் 45, 10 ஆண்டு. துணைச் செயலாளருக்கு 32 முதல் 40, 7 ஆண்டு. ஊதியம் முறையே 14, 13, 12-ஆம் நிலை. இணைச் செயலாளருக்குப் படிகளோடு சேர்த்து மாதம் சுமார் 2.7 லட்சம். மூன்று ஆண்டு ஒப்பந்தம், வேலை நன்றாக இருந்தால் ஐந்து வரை. மாநில அரசு அதிகாரிகள், மத்திய மாநிலப் பொதுத்துறை நிறுவனத்தார், பல்கலைக்கழகத்தார், ஆராய்ச்சி நிறுவனத்தார், தனியார் நிறுவனத்தார் எழுதலாம். மத்திய அரசு ஊழியர் எழுத முடியாது. தும்பாவிலும் மகேந்திரகிரியிலும் இஸ்ரோவில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்து விஞ்ஞானிகள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இந்த வாசல் இல்லை.

வெளியாளை மேலே உட்காரவைப்பது பற்றிய சண்டை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1891-ல், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவிடம் கொடுக்கப்பட்டது. உயர்பதவிகளையெல்லாம் வெளியூர்த் தமிழ்ப் பிராமணர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் குறை. ஐந்து ஆண்டு கழித்து, 1896-ல், டாக்டர் பல்பு முன்னின்று, அரசு வேலையில் தங்களுக்கும் இடம் கேட்ட 13,176 பேரின் ஈழவ மெமோரியலைக் கொடுத்தார். யார் வெளியாள், யாருக்கு இடம் என்ற இரண்டு கேள்விகளும் அப்போதே இருந்தன. நேர்முகத்தில் லேட்டரல் என்ட்ரி சரியா தவறா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பரவசமாகப் பதில் சொல்லாமல், இரண்டு பக்கமும் இருக்கும் நியாயத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். ஊர் வரலாறு அதற்கு உதவும்.

சத்தமில்லாத வாசல்

என் கணக்கில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது இரண்டாவது வாசல்தான். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் தலைவர், மேலாண்மை இயக்குநர், நிதி, தொழில்நுட்பம், மனிதவளம், சந்தை போன்ற துறை இயக்குநர்கள் ஆகிய இயக்குநர் குழுப் பதவிகளுக்கு ஆள் தேர்வு செய்ய 1974-ல் அமைக்கப்பட்டது பொதுத்துறை நிறுவனங்கள் தேர்வு வாரியம். எல்லோரும் பிஇஎஸ்பி என்பார்கள். டெல்லி லோதி சாலையில் சிஜிஓ வளாகத்தில் இருக்கிறது. காலியாகப்போகும் இடங்களைப் பெரும்பாலும் மாதக்கணக்கில் முன்பே தன் இணையதளத்தில் அறிவித்துவிடும். செய்தித்தாளில் பரபரப்பு வராது. டீக்கடையில் யாரும் பேசமாட்டார்கள். ஆகவே மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை மின்கட்டணம் கட்டுவதுபோல் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நம் சுற்றுவட்டத்திலேயே எத்தனை நிறுவனங்கள் என்று எண்ணிப் பாருங்கள். மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்திருக்கும் ஐஆர்இஎல், திருவனந்தபுரத்தில் தலைமையகம் கொண்ட எச்எல்எல் லைஃப்கேர், கொச்சியில் கப்பல் கட்டும் தளமும் ஃபாக்ட் உரக் கம்பெனியும், நெய்வேலியில் என்எல்சி, திருச்சியில் ஆலை வைத்திருக்கும் பெல். பெயர் தெரியும், பேருந்தில் கடந்து போயிருப்போம். அந்த இயக்குநர் நாற்காலிகளுக்கு விண்ணப்பம் கேட்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

வயது வரம்பு இங்கே கவனமாகப் படிக்க வேண்டியது. குறைந்தபட்சம் 40. மேல்வரம்பை வயதாகச் சொல்லமாட்டார்கள், மிச்சமுள்ள பணிக்காலமாகச் சொல்வார்கள். இடம் காலியாகும் நாளில், அதே நிறுவனத்தில் இருப்பவருக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டாவது பாக்கி இருக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவருக்கு மூன்று. ஓய்வு வயது 60 என்றால், வெளியாளுக்கு 57 தாண்டக் கூடாது. கணக்கிட வேண்டியது விளம்பரம் வந்த நாளிலோ விண்ணப்பித்த நாளிலோ அல்ல, காலியாகும் நாளில். பிறந்தநாள் ஒரு மாத வித்தியாசத்தில் தகுதி போனவர்கள் உண்டு.

அடுத்தது நிறுவனத்தின் அளவு. நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டு விற்றுமுதல் இவ்வளவு கோடிக்குக் குறையக் கூடாது என்று ஒவ்வொரு விளம்பரத்திலும் ஒரு தொகை இருக்கும். தனியார் நிறுவனத்தார் இயக்குநர் குழுவில் இருக்க வேண்டும், அல்லது அதற்கு அடுத்த கீழ்ப்படியிலாவது இருக்க வேண்டும். மூன்று நிதியாண்டுகளின் ஆண்டறிக்கை, கம்பெனி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா என்ற விவரம், உங்கள் பதவி அந்தப் படியில்தான் இருக்கிறது என்பதற்கான ஆவணம் எல்லாம் சேர்க்க வேண்டும். நாகர்கோவிலில் பெரிய ஜவுளிக்கடையை நிர்வகிப்பவர், திறமை எவ்வளவு இருந்தாலும், இந்த இடத்தில் நின்றுவிடுவார். அது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் அதற்காக நிறுவனத்தின் அளவை ஊதிக் காட்டினால் பிறகு எல்லாமே போய்விடும்.

அரசு, பொதுத்துறை ஆட்களின் விண்ணப்பம் அவரவர் நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இதில்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். மேலதிகாரியிடம் போய், நான் வேறு இடத்துக்கு எழுதுகிறேன் என்று சொல்லக் கூச்சம். கடைசி தேதிக்கு முந்தைய நாள் ஃபைலை நீட்டினால் அவர் கையெழுத்துப் போடுவதற்கே இரண்டு வாரம் ஆகும். விளம்பரம் வந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தப் பதவிக்கு எழுதுவது? முதல்முறை எழுதுபவர் தலைவர் பதவியைத் தொடாமல் துறை இயக்குநர் பதவிக்கு எழுதுவது நல்லது. ஒரே துறையில் இருபது ஆண்டு செய்த வேலையை அங்கே நேராகக் காட்டலாம்.

"எல்லாம் ஏற்கெனவே ஆளு பாத்து வெச்சிருப்பானுவ மக்கா, நீ எதுக்கு எழுதிட்டு கெடக்க?" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதே நிறுவனத்துக்காரருக்கு நிறுவனத்தின் நாடி தெரியும், நேர்முகத்தில் அது கைகொடுக்கும். அதற்காக வெளியாள் யாருமே வருவதில்லை என்பது சரியல்ல. யாரும் தகுதியில்லை என்று வாரியம் எவரையும் பரிந்துரைக்காமல் விடுவதும் உண்டு. நேர்முகம் நடந்ததும் கலந்துகொண்டவர்களின் பெயரையும் பரிந்துரையையும் பெரும்பாலும் அன்றே இணையதளத்தில் போட்டுவிடுவார்கள். அந்தப் பழைய பட்டியல்களை உட்கார்ந்து படியுங்கள். எந்த நிறுவனத்துக்கு எங்கிருந்து ஆள் போகிறார் என்பது ஒரு மணி நேரத்தில் பிடிபடும், டீக்கடைத் தகவல் தேவைப்படாது.

மற்ற வாசல்கள்: பொதுத்துறை வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் உயர்பதவிகளுக்கு 2022 ஜூலை முதல் எஃப்எஸ்ஐபி என்ற தனி அமைப்பு ஆள் தேர்வு செய்கிறது, அதற்கு முன்பு இருந்தது வங்கிகள் வாரியப் பணியகம். வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களின் இயக்குநர் பதவிகளுக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் இருக்கிறது. இவற்றுக்கும் கீழே சொல்லும் காகித வேலை பொருந்தும்.

காகிதம்

பெயரில் தொடங்குவோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் எஸ். ராஜகுமார், பாஸ்போர்ட்டில் ராஜகுமார் செல்லையா, பான் கார்டில் செல்லையா ராஜகுமார், பணிப்பதிவேட்டில் எஸ். ராஜ்குமார். உள்ளூரில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். டெல்லி படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனிக் கட்டம் கேட்கும்போது குழப்பம் தொடங்கும். எது மெட்ரிகுலேஷன் சான்றிதழில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வாங்கி வையுங்கள். இதற்கு மாதக்கணக்கு ஆகலாம். விளம்பரம் வந்தபிறகு தொடங்கினால் நேரம் போதாது.

பட்டச் சான்றிதழிலும் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல்தான் வந்தது. அதற்கு முன்பு இங்குள்ள கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அந்த மாறுதல் காலத்தில் படித்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் ஒன்றிலும் பட்டம் மற்றொன்றிலும் இருந்தால், ஒரு வரி விளக்கமும் கல்லூரியின் சான்றும் சேர்த்துவிடுங்கள். வடநாட்டில் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவருக்கு இந்த வரலாறு தெரிய வாய்ப்பில்லை.

அனுபவச் சான்றிதழ்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. யுபிஎஸ்சியின் இணையவழி விண்ணப்பத்தில், எந்த அனுபவத்துக்குச் சான்று பதிவேற்றப்படவில்லையோ அந்த அனுபவம் கணக்கில் இல்லை. 'நிறுவனத்தில் நல்ல முறையில் பணியாற்றினார், அவர் வாழ்வு சிறக்க வாழ்த்துகிறோம்' என்ற கடிதம் சான்றிதழ் அல்ல. பதவிப் பெயர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, முழுநேரமா, சம்பளம் எவ்வளவு, என்னென்ன பொறுப்பு ஆகியவை வேண்டும். பழைய கம்பெனி மூடப்பட்டிருந்தால் நியமன ஆணை, சம்பளச் சீட்டு, படிவம் 16, வருங்கால வைப்புநிதிப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து நிரூபிக்க முயலலாம். அதனால், வேலை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த வாரமே சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு, பொதுத்துறை ஆட்களுக்கு ஆண்டுச் செயல்திறன் அறிக்கை உண்டு. எல்லோரும் ஏபிஏஆர் என்பார்கள். முன்பு இது ரகசியம். தேவ் தத் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின், 2009 முதல் மத்திய அரசு முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. காட்டிய நாளிலிருந்து 15 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். நம் ஆட்கள் இதை எழுதுவதே இல்லை. மேலதிகாரியைப் பகைக்கக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்து இயக்குநர் பதவிக்கு எழுதும்போது, அந்த ஓர் ஆண்டின் குறைந்த மதிப்பெண் மட்டும் தனியாகத் தெரியும். மதிப்பெண் நியாயமானது என்றால் விடுங்கள். இல்லை என்றால் மரியாதையான மொழியில், ஆதாரத்தோடு, 15 நாளுக்குள் எழுதுங்கள். பகை வராது, வந்தாலும் அந்த மதிப்பெண் அளவுக்கு நீடிக்காது.

இன்னொன்று சொத்துக் கணக்கு. மத்திய அரசு ஊழியர் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31-க்குள் அசையாச் சொத்து விவரம் தர வேண்டும். தரவில்லை என்றால் விஜிலென்ஸ் தடையின்மைச் சான்று மறுக்கப்படலாம், அது இல்லாமல் எந்த உயர்பதவியும் நகராது. பொதுத்துறையிலும் மாநில அரசிலும் அவரவர் விதி உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டில் இது சாதாரண வேலை இல்லை. அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் வயல் பட்டா அப்பா பெயரிலேயே இருக்கும். தென்னந்தோப்பு நான்கு சகோதரர்களுக்குப் பொது. குலசேகரத்துப் பக்கம் அரை ஏக்கர் ரப்பர் மனைவிக்குச் சீதனமாக வந்தது. "அது அவ சொத்து, நான் எதுக்குக் காட்டணும்?" என்று கேட்பவர்கள் ஏராளம். காட்ட வேண்டும். பங்கு பிரியாத சொத்தில் உங்கள் பங்கையும், மனைவி பெயரில் இருப்பதையும், எப்படி வந்தது என்பதோடு எழுதுங்கள். ஒளித்ததாகத் தோன்றும் அரை ஏக்கர், உள்ளபடி எழுதிய ஐந்து ஏக்கரைவிட அதிகத் தொல்லை தரும். பட்டா மாற்றத்தை இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

என்ன எழுதுவது

விண்ணப்பத்தில் உங்கள் பணிச் சாதனைகளை எழுத இடம் இருக்கும். அங்கே நம்மவர்கள் எழுதுவது பெரும்பாலும் இடமாறுதல் வரலாறு: எந்த ஆண்டு எந்த ஊர், எந்த இருக்கை. எழுதி முடித்தால் ஒரு நல்ல ஊழியரின் படம் கிடைக்கும், முடிவெடுக்கும் ஆளின் படம் கிடைக்காது. தேர்வுக் குழு தேடுவது இரண்டாவதைத்தான்.

ஒரு கற்பனை உதாரணம் பாருங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் மின் பொறுப்பில் இருந்த ஒருவர் இப்படி எழுதுகிறார்: "ஒக்கி புயல் சீரமைப்புப் பணிகளில் ஈடுபட்டு, உயர் அதிகாரிகளின் அறிவுரைப்படி மின் விநியோகம் விரைந்து சீர்செய்யப்பட்டது." இதில் அவரே இல்லை. மின்சாரம் தானாகவே வந்துவிட்டது.

அதே ஆள் இப்படி எழுதலாம்: "மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்திருந்தன, கையில் இருந்த ஆட்கள் போதவில்லை. எல்லாப் பகுதியையும் ஒரே நேரத்தில் தொடாமல், மருத்துவமனைகளுக்கும் குடிநீர் நீரேற்று நிலையங்களுக்கும் போகும் தடங்களை முதலில் எடுக்க முடிவு செய்தேன். நகரத்தின் வணிகப் பகுதிகள் தாமதமாகும் என்பதால் எதிர்ப்பு வந்தது. காரணத்தை ஆட்சியரகக் கூட்டத்தில் எழுத்தில் வைத்தேன். வெளிமாவட்டக் குழுக்களை வட்டம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் வழி தெரிந்த ஒருவரைச் சேர்த்தேன்." இதன் பின்னால் எத்தனை நாளில் எத்தனை தடங்கள் என்ற எண் வர வேண்டும். அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் எண்ணை மட்டும் போடுங்கள். நினைவில் இருந்து போடும் எண் நேர்முகத்தில் உங்களையே திருப்பி அடிக்கும்.

இந்த முறையை அமெரிக்காவில் நீண்ட காலம் விதியாகவே வைத்திருந்தார்கள். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அவர்களின் முதுநிலை நிர்வாகப் பணிக்கு எழுதுபவர், ஐந்து தலைமைத் தகுதிகளைப் பத்துப் பக்கக் கட்டுரையாக விளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் சிக்கல் என்ன, சூழல் என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். கட்டுரை எழுதிக் கொடுக்கவே கூலிக்கு ஆட்கள் முளைத்தார்கள். 2025-ல் அந்தக் கட்டுரைகளைக் கைவிட்டு இரண்டு பக்கத் தன்விவரம் போதும் என்று மாற்றிவிட்டார்கள். நம் படிவங்களில் இடம் முன்பிருந்தே குறைவு. ஆனால் அந்த நான்கு கேள்விகளை வீட்டில் ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. பத்து நிகழ்ச்சிகளை அப்படி எழுதிவைத்தால், எந்த விளம்பரம் வந்தாலும் அதற்குப் பொருந்தும் மூன்றை எடுத்துச் சுருக்கிக்கொள்ளலாம்.

பொருத்தம் என்றால் இப்படி: முப்பந்தல் காற்றாலைகளில் வேலை பார்த்தவர் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்துக்கு எழுதும்போது, எத்தனை டர்பைன் நிறுவினேன் என்பது இரண்டாம் பட்சம். நிலத்துக்காரர்களோடு ஒப்பந்தம், காற்று அதிகமாக வீசும் மாதங்களில் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள மறுக்கும் மின்தொடர் அமைப்பு, பழைய சிறிய காற்றாலைகளை மாற்றிப் புதியவை வைப்பதில் உள்ள சிக்கல் ஆகியவற்றில் அவர் எடுத்த நிலைதான் அமைச்சகத்துக்கு வேண்டிய அறிவு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் கற்றது நாடு முழுவதற்கும் எப்படிப் பொருந்தும் என்று இரண்டு வாக்கியம் எழுதத் தெரிந்தால் போதும்.

நேர்முகம்

யுபிஎஸ்சி என்றால் ஷாஜகான் சாலை தோல்பூர் இல்லம், பிஇஎஸ்பி என்றால் லோதி சாலை. திருக்குறள் எக்ஸ்பிரஸ்ஸில் போனால் இரண்டு இரவு; தினசரி ரயிலும் இல்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதுதான் நல்லது. மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் நெரிசலை எண்ணி நேரத்தோடு கிளம்புங்கள், முந்தைய நாளே போய்த் தங்குங்கள்.

படிக்க வேண்டியவை குறைவு. அந்த நிறுவனத்தின் கடைசி மூன்று ஆண்டறிக்கை, அதைப் பற்றித் தணிக்கை அதிகாரியின் அறிக்கையில் வந்த பத்திகள், அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை மீதான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை. இந்த மூன்றையும் வாசித்தவர் பொது அறிவுப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை.

ஊரைப் பற்றிக் கேட்பார்கள், தயாராக இருங்கள். ஐஆர்இஎல் இயக்குநர் பதவிக்குப் போகும் நம் மாவட்டத்துக்காரரிடம் மணல் எடுப்பதைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியமும் அரிய மண் தனிமங்களும் இருக்கின்றன, நாட்டுக்கு வேண்டும். கரையில் வாழும் மீனவர்களுக்குக் கடலரிப்பும் கதிர்வீச்சும் பற்றிய அச்சம் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்துத் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தது அதனால்தான். இங்கே ஊர்க்காரராக உணர்ச்சிவசப்படவும் கூடாது, கம்பெனி ஆளாகி மக்களை அறியாதவர்கள் என்று சொல்லவும் கூடாது. எந்த அளவீட்டை யார் எடுக்க வேண்டும், முடிவை யாரிடம் எந்த மொழியில் வெளியிட வேண்டும், எதைச் செய்ய முடியாவிட்டால் திட்டத்தை நிறுத்திவைப்பீர்கள் என்று சொல்லுங்கள். நிறுத்திவைப்பேன் என்று சொல்லக்கூடிய எல்லை ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள். நம் பேச்சின் வேகம்தான் வடக்கே புரியாமல் போகிறது.

தேர்வான பிறகு

பிஇஎஸ்பி பரிந்துரைத்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் சரிபார்ப்பு, பிறகு அமைச்சகத்தின் முன்மொழிவு, கடைசியில் அமைச்சரவையின் நியமனக் குழு. அந்தக் குழுவில் இருப்பவர்கள் பிரதமரும் உள்துறை அமைச்சரும். இது முடிய மாதங்கள் ஆகும், நடுவில் நிற்பதும் உண்டு. ஆணை கையில் வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள், ஊரில் விருந்து வைக்காதீர்கள்.

நேர்முகம் முடிந்தபின் வரமாட்டேன் என்று சொன்னால், வேறு எந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் இயக்குநர் பதவிக்கும் இரண்டு ஆண்டு உங்களைக் கருதமாட்டார்கள். படிவத்தில் இதற்கு ஒப்புதல் கொடுத்துத்தான் அனுப்புகிறீர்கள். ஆகவே வீட்டில் பேச வேண்டியதை விண்ணப்பம் போடும் முன்பே பேசிவிட வேண்டும். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வது யார், மனைவிக்கு இங்கே அரசுப் பள்ளியில் வேலை இருந்தால் என்ன செய்வது, பிளஸ் டூ படிக்கும் மகளை நடுவில் மாற்றலாமா? டெல்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் பல இருக்கின்றன, சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு வழி. பெரிய வகுப்பில் இருப்பவர்கள் இங்கேயே முடிப்பதுதான் நல்லது. ஓராண்டு நீங்கள் தனியாகப் போங்கள். துறை இயக்குநர் பதவி ஐந்து ஆண்டு அல்லது ஓய்வு வரை, இரண்டில் எது முன்போ அது. லேட்டரல் என்ட்ரியில் மூன்று ஆண்டு முடிந்ததும் திரும்பிவர வேண்டியிருக்கலாம். மாநில அரசிலோ பொதுத்துறையிலோ இருப்பவர் தன் பழைய பதவியின் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு அயல்பணியாகப் போக முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும்.